வில்கமுவ பஸ்ஸில் ஒரு கருநாடி

எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு பேர் உயர்தரப் பரீட்சை எழுதினோம். ஒருத்தி நான், எனக்கு இரண்டாவது ஷை, அதாவது இரண்டாவது தடவை. மற்றவர் என் அண்ணி, அவருக்கு மூன்றாவது. பல்லேபொலயில் எங்கள் பாதையில் இது பெரிய பகிடியாக இருந்தது. "மகளும் மருமகளும் ஒண்ணா டியூஷன் போறாங்களாம்" என்று யாராவது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்தால், அம்மா அசர மாட்டார். "ஆமா, போறாங்க. ஒங்க வீட்டுல யாரும் போகலியா?" என்று கேட்டுவிட்டு, காயப்போட்ட மிளகைத் துழாவப் போய்விடுவார்.

அண்ணி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். அண்ணனுக்கு வில்கமுவவில் டிராக்டர் திருத்தும் வேலை, நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வர முடியாது. கையில் ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். அண்ணிக்கு ஒரே ஓர் ஆசைதான். தான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டும். அங்கே விஞ்ஞானத்துக்கு ஆள் வருவதும் மாற்றம் வாங்கிக்கொண்டு போவதுமாகவே இருந்ததாம். ஆசிரிய உதவியாளராகப் போவதற்கு உயர்தரத்தில் மூன்று பாடமும் ஒன்றாகச் சித்தியடைய வேண்டும். உயிரியலும் விவசாயமும் அவருக்கு ஒவ்வொரு தடவையும் வந்துவிடும். இரசாயனவியலில் மட்டும் இரண்டு தடவையும் எஃப்.

"இந்தத் தடவ வரலன்னா புத்தகத்த எல்லாம் கட்டி மேல பரண்ல, அட்டாலயில போட்டுருவேன். அதுக்கப்புறம் அதப் பத்தி யாரும் என்கிட்ட பேசக்கூடாது" என்று அண்ணி முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணி சொன்னால் சொன்னதுதான். அரசாங்கச் சட்டத்தையாவது வளைக்கலாம்.

அவரைக் கவிழ்த்தது சேதன இரசாயனம். அதிலும் குறிப்பாக ஒரே ஒரு பகுதி, கருநாட்டப் பிரதியீடு. மாத்தளை டவுனில் தகரக் கூரை போட்ட மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் டியூஷன். படிப்பிக்கிற சேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மின்னல் வேகத்தில் பலகையில் அம்புக்குறி போடுவார். ஒரு காபன். அதில் ஒரு புரோமீன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புரோமீன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதால் காபனில் கொஞ்சம் நேரேற்றம். அதைத் தேடி, கை நிறைய இலத்திரனோடு ஐதரொட்சைட்டு வருகிறது. கருவை நாடி வருவதால் அதற்குக் கருநாடி என்று பெயர். புரோமீன் போகும், ஐதரொட்சைட்டு அந்த இடத்தில் இருக்கும், அற்ககோல் கிடைக்கும். கதை இவ்வளவுதான்.

ஆனால் போவதும் வருவதும் எப்படி என்பதில்தான் வில்லங்கம். அந்தக் காபனோடு ஒரே ஒரு காபன் கூட்டம் ஒட்டியிருந்தால் அது முதல் அல்கைல் ஏலைட்டு, எல்லாம் ஒரே படியில் நடக்கும். கருநாடி பின்பக்கமாக வர வர, புரோமீன் முன்பக்கமாகக் கழன்றுகொண்டே இருக்கும். மூன்று கூட்டம் ஒட்டியிருந்தால் அது புடை அல்கைல் ஏலைட்டு, இரண்டு படி. முதலில் புரோமீன் தன்பாட்டில் போய்விடும், காபன் வெறுமையாக நிற்கும், அதற்குப் பிறகுதான் கருநாடி வரும். அண்ணிக்கு இதில் எதுவுமே ஏறவில்லை.

"தங்கச்சி, அது ஏன் பின்பக்கமா வந்து தாக்கணும்? நேரா முன்னால வந்தா என்னா?"

"அது அப்படித்தான் அண்ணி. எழுதுங்க."

"அப்படித்தான்னா?"

"சேர் சொன்னாரு. எழுதுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காரணம் தெரியாத இடத்தில் இன்னும் சீக்கிரம் வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, நான் அண்ணியின் கேள்வியைக் குறை சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு மனப்பாடம் நிற்கும். அண்ணிக்குக் காரணம் தெரியாமல் ஒன்றும் நிற்காது. தேங்காய் திருவும்போது "முதல்னா ஒரு படி, புடைன்னா ரெண்டு படி" என்று செபமாலை மாதிரி சொல்லிக்கொண்டே திருவுவார். சோறு வடிக்கும் நேரத்துக்கு அது தலைகீழாக மாறியிருக்கும். அம்மாதான் அடுப்படியிலிருந்து, "இல்ல புள்ள, புடைக்குத்தான் ரெண்டு" என்று திருத்துவார். அம்மாவுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, புடை என்றால் என்னவென்றே தெரியாது. கேட்டுக் கேட்டுக் காதில் ஏறியதைச் சொன்னார்.

இப்படி இருக்கும்போது வயல் அறுவடை தொடங்கியது. வில்கமுவப் பக்கம் டிராக்டர்கள் வரிசையாகப் பழுதாகிக்கொண்டிருந்தன, அண்ணனுக்கு லீவு இல்லை. பௌர்ணமிப் போயா சேர்ந்து வந்த ஒரு நீண்ட விடுமுறையில் நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் படிக்கலாம் என்று நான் டியூஷனில் தந்த டியூட் தாள்களின் கட்டையும் பையில் வைத்துக்கொண்டேன்.

வில்கமுவ பஸ் எப்போதாவதுதான் வரும். ஆகையால் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் அதற்குச் சீட் பிடிப்பது ஒரு தனிக் கலை. வில்கமுவவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ், ஸ்டாண்டுக்குள் நுழைந்து திரும்பும்போதே சனம் அதோடு கூடவே ஓடும். உள்ளே இருப்பவர்கள் எழும்பத் தொடங்கியதும் வெளியே நிற்பவர்கள் ஜன்னலால் கையை விட்டு ஒரு லேஞ்சியையோ பையையோ குடையையோ சீட்டில் போட்டுவிடுவார்கள். லேஞ்சி விழுந்தால் சீட் அவருடையது. எவ்வளவு பெரிய சண்டியனும் அந்தச் சின்னத் துணியை எடுத்து எறிந்துவிட்டு உட்கார மாட்டான். எல்லோருக்கும் அது தெரியும், எல்லோரும் மதிப்பார்கள்.

எனக்கு அந்த ஓட்டமே பிடிக்காது. மானம் மரியாதையோடு வரிசையில் நின்று ஏறி, கடைசி வரை நின்றுகொண்டே போய், கால் வலியில் எல்லோரையும் திட்டுவது என் பழக்கம். அண்ணியோ வீட்டில் இன்னொரு கரண்டி சம்பல் கேட்கவே கூச்சப்படுகிறவர். ஆனால் அன்றைக்கு பஸ்ஸின் மூக்கு தெரிந்ததும் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுச் சேலை முந்தானையைச் செருகினார்.

"நீ மெதுவா ஏறு தங்கச்சி" என்று சொன்னவர், ஆள் இல்லை.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவில் ஒரு ஜன்னல் சீட்டில் ஒரு ஐயா அப்போதுதான் எழும்புகிறார். அண்ணி ஜன்னலுக்குக் கீழே எம்பி நின்று, கையை உள்ளே விட்டு லேஞ்சியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டார். லேஞ்சி உள்ளே வர வர, ஐயா மறுபக்கமாக, சீட்டுகளுக்கு நடுவே உள்ள நடைபாதைக்கு நகர்ந்து இறங்கிப் போனார். ஒரு கண்ணிமைப்பில் எல்லாம் முடிந்தது. நான் முட்டி மோதி உள்ளே போனபோது அண்ணி ராணி மாதிரி உட்கார்ந்து எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"என்னா அண்ணி, கருநாடி மாதிரி பாய்ஞ்சுட்டீங்க" என்றேன். சும்மா நக்கலுக்குத்தான் சொன்னேன்.

அண்ணி சிரித்துக்கொண்டே கழுத்தைத் துடைத்தார். பிறகு துடைக்கும் கை நின்றது. ஜன்னலைப் பார்த்தார், நடைபாதையைப் பார்த்தார்.

"இரு. அந்த ஐயா எந்தப் பக்கமா எழும்பிப் போனாரு?"

"நடைபாதைப் பக்கமா."

"நான் எந்தப் பக்கமா வந்தேன்?"

"ஜன்னல் பக்கமா."

"அவரு எறங்குற பக்கமாவே நான் ஏறி வந்திருந்தா?"

"ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நின்னிருப்பீங்க."

"ஆ, பாத்தியா. புரோமீன்கிட்டயும் எலத்திரன் நெறைய இருக்கு, ஐதரொட்சைட்டும் எலத்திரனோட வருது. ஒண்ண ஒண்ணு பக்கத்துல விடுமா? அதான் பின்பக்கமா சுத்தி வருது."

சேர் போட்ட அந்த அம்புக்குறியை நான் எத்தனையோ தடவை அழகாக வரைந்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதே அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது, பொய் சொல்லவில்லை.

"லேஞ்சி உள்ள வந்துருச்சு, அவரு இன்னும் முழுசா எழும்பல. அந்த நேரம் சீட் யாரோடது?" என்று அண்ணி கேட்டார்.

"ரெண்டு பேரோடதும் இல்ல. பாதி அவரு, பாதி நீங்க."

"அதான் சேர் புள்ளிக்கோடு போட்டாரே, ரெண்டு பக்கமும். அது இதுதான்."

அப்போது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பருத்த அம்மா இன்னும் இறங்காமல் இருந்தார். மடியில் ஒரு பை, காலடியில் அரிசி மூட்டை, ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலாப்பழம். வெளியே ஒருத்தி குடையை நீட்டிப் பார்த்தாள், பலாப்பழத்தில் இடித்துத் திரும்பி வந்தது. சுற்றிவரச் சாமான், நுழைய வழியே இல்லை. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கி, பெருமூச்சு விட்டு, ஆட்களிடம் பேசி விடைபெற்று இறங்கும் வரை எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை பேர் குடையோடு நின்றாலும் ஒன்றும் துரிதப்படவில்லை. அவர் இறங்கினால்தான் உண்டு.

அண்ணி என் தொடையில் அடித்தார். "புடை."

"புடை அண்ணி" என்றேன் நானும்.

"சுத்தி மூணு கூட்டம் அடச்சுக்கிட்டு இருக்கு. பின்னால வர எடமில்ல. அதனால மொதல்ல புரோமீன் எறங்கணும். அதுதான் மெதுவான படி. இந்தம்மா எறங்குற வேகந்தான் எல்லாத்தோட வேகமும்."

அந்த அம்மா போனதும் சீட் ஒரு கணம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த மனுசி அதன்மேல் கையை வைத்துத் தன் ஆளுக்காகக் காத்துப் பார்த்தார். நேரேற்றத்தோடு நிற்கும் காபனுக்கு அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் கொஞ்சம் இலத்திரன் கொடுத்துத் தாங்கும் என்று படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் ஜன்னலால் குடையும் நடைபாதையால் ஒரு பொடியனும் ஒரே நேரத்தில் வந்தார்கள். வெறுமையான இடத்துக்கு எந்தப் பக்கத்தாலும் வரலாம். பொடியன் வென்றான்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. வெளியே ஓர் இளைஞனை அவன் குடும்பமே சூழ்ந்து நின்று கையைப் பிடித்து, தலையைத் தடவி, புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. பாவம், லேஞ்சி கையில் இருந்தும் அவனால் ஜன்னலை நெருங்க முடியவில்லை. தண்ணீர் மாதிரியான கரைப்பானில் கருநாடியின் வேகம் ஏன் குறையும் என்று எனக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின் சீட்டில் ஒருவர் பஸ் வந்ததும் தெரியாமல், திரும்பிப் போகப்போவதும் தெரியாமல், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் புளோரீன் என்று தீர்மானித்தோம், லேசில் கழலாது. பஸ் நிற்குமுன்னே இறங்கக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அயடீன், தொட்டாலே கழன்றுவிடும்.

நான் சும்மா இருப்பேனா? "காபனுக்கு நாலு கை அண்ணி, சீட்டுக்கு அப்படி இல்லயே. மத்த மூணு கையும் காத்துல கொடை மாதிரி மறுபக்கம் திரும்புமே, அது இங்க எங்க?" என்று மல்லுக்கு நின்றேன்.

"எல்லாத்தையும் பஸ்ஸுலயே தேடாத. கெடச்சது போதும்" என்றார் அண்ணி.

கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். எதிர்ச் சீட்டு மனுசி நாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதைக் கவனித்துவிட்டு, தூங்குகிறவர் உங்கள் சொந்தக்காரரா என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஆமாம், தூரத்துச் சொந்தம் என்று சிங்களத்திலேயே சொன்னார். எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. குழந்தையும் காரணம் தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

வில்கமுவவில் அண்ணன் மோட்டார் சைக்கிளோடு காத்து நின்றார். கையெல்லாம் கிரீஸ். "சீட் கெடச்சுச்சா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அண்ணி தெருவோரத்திலேயே நின்று லேஞ்சி, பலாப்பழம், புளோரீன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அண்ணன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இதுல நான் யாரு?"

"நீங்க கரைப்பான். சும்மா சுத்தி நிப்பீங்க."

"நல்ல வேலதான். அதையே செஞ்சிட்டு இருக்கேன்" என்று அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

அந்த நாளுக்குப் பிறகு அண்ணி வேறு ஆள். எந்தத் தாக்கத்தைப் பார்த்தாலும் "இதுல எறங்குறது யாரு, ஏறுறது யாரு?" என்று முதலில் கேட்பார். செபமாலை நின்றது. இப்போது அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார், நான் கோபப்படாமல் கேட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்புவது கஷ்டம்.

பரீட்சையும் வந்தது. சேதனக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. முதல் அல்கைல் ஏலைட்டு ஏன் ஒரு படி, புடை அல்கைல் ஏலைட்டு ஏன் இரண்டு படி, விளக்குக. எங்களுக்காகவே கேட்டது போல் இருந்தது. மண்டபத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த அண்ணியின் தலை குனிந்தபடியே இருந்தது, பேனா நிற்கவில்லை. இந்தத் தடவை நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து தேடினால், அண்ணி தண்ணீர்க் குழாயடியில் முகம் வெளிறிப் போய் நிற்கிறார்.

"தங்கச்சி, நான் ஜன்னல்னு எழுதிட்டேன்."

"என்னா?"

"கருநாடி ஜன்னல் பக்கமாக வந்து காபனைத் தாக்கும்னு எழுதிட்டேன். வெளியேறும் கூட்டம் நடைபாதைப் பக்கமாக இறங்கும்னு வேற எழுதியிருக்கேன். பேப்பர கட்டுற நேரந்தான் கண்ணுல பட்டுச்சு. திருத்துறதுக்குள்ள வாங்கிட்டாங்க."

நான் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி முதுகில் ஓர் அடி போட்டார், பிறகு அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். அப்போதுதான் நான் சிரிப்பை நிறுத்தினேன். முந்திய இரண்டு தடவையும் அவருக்கு மயிரிழையில் தவறிய பாடம் அது. அந்தக் கேள்வியின் புள்ளிகள் போனால் பாடமே போகும், பாடம் போனால் புத்தகம் அட்டாலைக்குப் போகும்.

அம்மாவிடமும் அண்ணனிடமும் இதைச் சொல்லவில்லை. பெறுபேறு வரும் வரை எங்களுக்குள்ளேயே வாதாடினோம். "நீங்க வெளங்கித்தான் எழுதியிருக்கீங்கன்னு திருத்துறவங்களுக்குத் தெரியாதா?" என்பேன். "அவங்க கார்ல போறவங்களா இருந்தா?" என்பார் அண்ணி. அம்மா எங்களை வஹகோட்டைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காணாமல் போனதைத் தேடித் தரும் புனிதர் அங்கே இருக்கிறார். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் மெழுகுதிரி கொளுத்தினார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் முழந்தாளில் நின்றார். திரும்பி வரும்போது என்ன மன்றாடினீர்கள் என்று கேட்டேன்.

"பேப்பர் திருத்துறவரு பஸ்ஸுல போறவரா இருக்கணும்னு."

பெறுபேறு வந்த அன்று அண்ணனும் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது மிளகு காயப்போடும் இடத்தில்தான். எல்லோரும் அங்கே போய் நின்றோம். அண்ணி வரவில்லை, அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று சாக்குச் சொன்னார். நான் முதலில் அண்ணியின் இலக்கத்தைத்தான் அடித்தேன். உயிரியல் சி. விவசாயம் பி. இரசாயனவியல் சி.

எனக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன், சி-தான். அதற்குப் பிறகு என்னுடையதைப் பார்த்தேன். எனக்கும் மூன்றும் சித்தி, ஆனால் இரசாயனவியலில் எஸ்தான். அண்ணி என்னைவிடக் கூட. ஒரு நிமிடம் சுருக்கென்றது, அடுத்த நிமிடம் அடுப்படிக்கு ஓடினேன். ஜன்னலுக்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்பது இன்றைக்கும் தெரியாது.

அண்ணி போனை வாங்கிப் பார்த்தார். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தார். அண்ணன் எங்கே நிற்பது என்று தெரியாமல் உள்ளேயும் வெளியேயும் நடந்தார். சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் வரத் தொடங்கினார்கள். அண்ணி குழந்தையைத் தூக்கி அண்ணனின் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் பாத்துக்குங்க. நான் படுக்கப் போறேன்."

இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை. சோறு பாதி வெந்திருந்தது. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தாலொழிய எந்தப் பொம்பிளையும் பகலில் பாயை விரித்ததில்லை. அம்மா பின்னாலேயே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. அதற்குள் அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்துகொண்டு தூங்கியேவிட்டார். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அம்மா அகப்பையோடு அறை வாசலில் வந்து நின்றுகொண்டார். வாழ்த்துச் சொல்ல முற்றத்துக்கு வந்த சனத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க. டீச்சர் தூங்குறாங்க."